எச்சரிக்கை யார் மேசைக்கு வந்தது?

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் தொடங்கிய தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ‘எல்லாம் பாகிஸ்தான் செய்த வேலை’ என்பது ஒரு கட்சி. ‘நம் உளவுத்துறை கோட்டைவிட்டது’ என்பது மறுகட்சி. ஒன்றைச் சொன்னவர் மற்றதை மறைக்கிறார் என்று உடனே சந்தேகம் வருகிறது. உண்மையில் இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க முடியாது.

முதல் கணக்கு பாகிஸ்தானுடையது. ஓர் அரசு ஆயுதக் குழுவுக்குத் துணைபோகிறது என்றால், அமைச்சரவை கூடித் தீர்மானம் போட்டது என்று பொருளில்லை. பணம், பயிற்சி, புகலிடம், வழக்கிலிருந்து பாதுகாப்பு என்று அது பல படிகளில் நடக்கும். ‘எங்களுக்குத் தெரியாது’ என்று கைகழுவ ஒவ்வொரு படியிலும் வழி வைத்திருப்பார்கள். மும்பைத் தாக்குதலை நடத்திய லஷ்கர்-இ-தொய்பாவை பாகிஸ்தான் 2002 ஜனவரியிலேயே தடை செய்திருந்தது. அதை நிறுவிய ஹபீஸ் சயீதோ, ஜமாத்-உத்-தாவா என்ற பெயர்ப்பலகையின் கீழ் வெளிப்படையாகவே இயங்கிவந்தார்.

எனவே ஆதாரங்களைத் தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். மும்பையைப் பலமுறை வேவு பார்த்துச் சென்ற டேவிட் ஹெட்லி, பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐஎஸ்ஐயின் அதிகாரி ‘மேஜர் இக்பால்’ தனக்கு 25,000 டாலர் கொடுத்ததாக அமெரிக்க நீதிமன்றத்தில் சொன்னார். இது குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவரின் சாட்சியம். பாகிஸ்தான் இதை மறுக்கிறது. மறுக்க முடியாதவை பாகிஸ்தானுக்குள்ளிருந்தே வந்தன. அந்நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பின் முன்னாள் தலைவர் தாரிக் கோசா 2015இல் ‘டான்’ நாளிதழில் எழுதிய கட்டுரையில், சிந்து மாகாணத்தின் தட்டா அருகே பயிற்சி நடந்ததையும் கராச்சியிலிருந்து தாக்குதல் இயக்கப்பட்டதையும் சொன்னார். கொலைகாரர்கள் கரையேறிய ரப்பர் படகின் இயந்திரத்தை அதன் எண்ணை வைத்துத் தடம் பிடித்தார்கள். ஜப்பானிலிருந்து லாகூருக்கு இறக்குமதியாகி, கராச்சியில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்கு வந்து, லஷ்கர் தொடர்புள்ள ஒருவரால் வாங்கப்பட்ட இயந்திரம் அது. இவ்வளவு தெரிந்தும் வழக்கு நகரவில்லை. முக்கியக் குற்றவாளியாகக் கருதப்படும் ஜகியுர் ரஹ்மான் லக்வி 2015 ஏப்ரலில் சிறையிலிருந்து வெளியே வந்தார். மேலிடத்து உத்தரவு இருந்ததா என்பது விவாதத்துக்குரியது; குற்றவாளிகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு கண்ணெதிரே நடந்தது.

இரண்டாவது கணக்கு நம்முடையது. மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு, 2006 ஆகஸ்ட் முதல் வந்த 26 எச்சரிக்கைகளைப் பட்டியலிட்டது. ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்கலாம் என்றவை 11. கடல் வழியாக வரலாம் என்றவை 6. நடந்த பிறகு படிக்கும்போது எல்லாம் பளிச்சென்று தெரியும். ஆனால் தாக்குதல் நடந்த நாளை இவற்றில் ஒன்றும் குறிப்பிடவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

‘தவறவிட்ட எச்சரிக்கை’ என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டுவதில் மூன்று வகை இருக்கிறது. முதல் வகையில், தகவல் அரைகுறையாக இருக்கும். நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒட்டுக்கேட்ட சாட்டிலைட் போன் பேச்சை வைத்து, சந்தேகப் படகு ஒன்று வருவதாகக் கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் சொல்லப்பட்டது. தேடியும் படகு அகப்படவில்லை. வந்தவர்கள் நடுக்கடலில் குஜராத்தின் ‘குபேர்’ மீன்பிடிப் படகைப் பிடித்து, மீனவர்களைக் கொன்றுவிட்டு, அதிலேயே மும்பை நோக்கி வந்தார்கள். ஆயிரக்கணக்கான இந்தியப் படகுகளில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

இரண்டாம் வகையில், தகவல் ஒருவரிடம் இருக்கும். தேவைப்படுபவரிடம் போய்ச் சேராது. ஹெட்லிக்குத் தீவிரவாதத் தொடர்பு இருப்பதாக அவருடைய மனைவியரே வெவ்வேறு சமயங்களில் அமெரிக்க அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார்கள். அவர் இந்தியாவுக்கு வந்துபோவது நிற்கவில்லை.

மூன்றாம் வகைதான் மன்னிக்கக் கடினமானது. தகவல் வரும், நடவடிக்கையும் தொடங்கும், சில வாரங்களில் சலிப்புத் தட்டிக் கைவிடப்படும். எச்சரிக்கை வந்ததையடுத்துத் தாஜ் ஹோட்டலில் சோதனையைக் கூட்டினார்கள்; தாக்குதலுக்கு முன்பே அது தளர்ந்துவிட்டது. ஹோட்டலை நடத்தும் டாடா குழுமத்தின் அன்றைய தலைவர் ரத்தன் டாடாவே இதைப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். ஒரு தகவலைக் கடைசிவரை தன் பொறுப்பாக வைத்துக்கொண்டு, ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்க ஓர் அதிகாரி இல்லாததுதான் நோயின் மூலம்.

அதன் பிறகு மாற்றங்கள் வந்தன. தேசியப் புலனாய்வு முகமை (என்ஐஏ) உருவானது. தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் தளங்கள் அமைந்தன. மீனவர்களுக்கு அடையாள அட்டை வந்தது. ஆனால் தகவல்களை ஒரே இடத்தில் திரட்ட அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் முன்வைத்த தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம், 2012இல் ஜெயலலிதா உள்ளிட்ட முதல்வர்களின் எதிர்ப்பால் நின்றுபோனது. மாநில உரிமை பற்றிய அவர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது. அதற்குப் பதில் சொல்லும் மாற்றுத் திட்டம் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

கார்கில் போருக்குப் பின் கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த குழு உளவுக் குறைகளை ஆராய்ந்தது. அதன் அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2000இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. மும்பைக்கு மத்திய அரசு அப்படி ஒரு குழுவை அமைக்கவில்லை. பிரதான் குழு மத்திய அமைப்புகளை விசாரிக்க அதிகாரம் இல்லாதது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகும் அதே இரண்டு கட்சிகளின் வாதம்தான் மீண்டும் ஒலித்தது.

பாகிஸ்தானை உலக அரங்கில் கூண்டில் ஏற்றுவது அரசின் கடமை. அதை விடாமல் செய்யட்டும். அதே கையோடு, இப்படிப்பட்ட ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னும் சுயேச்சையான விசாரணைக் குழு அமைத்து, ரகசியம் நீக்கிய அறிக்கையை ஓராண்டுக்குள் நாடாளுமன்றத்தில் வைக்கச் சட்டம் இயற்ற வேண்டும். எதிரியின் குற்றம் எவ்வளவு பெரிதானாலும், நம் பக்கத்துக் கணக்கைத் தணிக்கை செய்யாமலிருக்க அது காரணமாகாது.