ஸ்பிட்ஃபயரா, மெஸ்ஸர்ஷ்மிட்டா?

விமான வரலாற்றில் மோகங்கொண்ட இருவரை அமர்த்தி, '1940இல் பிரிட்டன் வானில் மோதிய போர் விமானங்களுள் எது சிறந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். தேநீர் ஆறிவிடும், வழக்கு ஆறாது!

ஸ்பிட்ஃபயர் கட்சிக்காரர் அதன் மெல்லிய நீள்வட்ட இறக்கையையும், சட்டென வளைந்து திரும்பும் திறனையும் புகழ்வார். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109க்காக வாதாடுபவரோ, "தலைகுப்புறப் பாய்ந்தால் உமது விமானம் இருமுமே!" என்று நகைப்பார். (அக்காலத்தில் பிரிட்டன் தரப்பில் மிகுதியான எதிரி விமானங்களை வீழ்த்தியது, பாதி உடல் துணி போர்த்திய ஹரிக்கேன்தான். அதைச் சொன்னால் இருவருக்குமே பிடிப்பதில்லை.)

இருமல் மெய்தான். ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டின் மெர்லின் எஞ்சினுக்கும் கார்புரேட்டர் வழியே பெட்ரோல் சென்றது. மூக்கைத் திடீரெனத் தாழ்த்தினால் பெட்ரோல் மேலே எகிறும். எஞ்சின் முதலில் பட்டினி கிடக்கும், பின்னர் பெட்ரோல் பெருகி மூச்சுத் திணறும். மெஸ்ஸர்ஷ்மிட்டிலோ எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. எனவே பிரிட்டிஷ் விமானி விமானத்தைப் புரட்டிவிட்டே பாய வேண்டியிருந்தது. துரத்துகையில் அந்நொடிகளில் எதிரி நழுவினான். துரத்தப்படுகையில் அந்நொடிகளே உயிருக்கு விலையாயின.

மருந்து கண்டவர் ஒரு பெண்மணி! ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையப் பொறியாளரும் மோட்டார் சைக்கிள் பந்தய வீராங்கனையுமான பியாட்ரிஸ் ஷில்லிங், துளையிட்ட சிறு உலோகத் துண்டொன்றைப் பெட்ரோல் பாதையில் பொருத்தினார். பெருக்கு அடங்கியது. தலைகீழாய் நெடுநேரம் பறக்க அது உதவாது, பாய்வதற்குப் போதும். 1941இல் அவரே விமானத்தளங்களுக்குச் சென்று அதைப் பொருத்துவித்தார்.