வீட்டுக்கொரு மரப்படி

நுழையும்முன்

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் கணினியை நன்கு அறிவர். கணிதத்திலும் தேர்ச்சி பெறுவர். ஆயின் ஒரு பலகையை நேராக அறுக்க அறிவரா? அதனை ஏன் அறிதல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு ஒருவர் தரும் விடையே இக்கருத்துரை.

*

புரட்டாசி பிறந்துவிட்டால் இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டில் பரணைத் திறப்போம். கொலுப் பொம்மைகள் ஆண்டு முழுதும் அங்கேதான் உறங்கும். நான் ஏழாம் வகுப்பில் படித்த ஆண்டு, அம்மா ஒரு நாற்காலியின்மேல் முக்காலியை வைத்து, அதன்மேல் ஏறி நின்று பெட்டியை இழுத்தார். முக்காலி நழுவியது. அம்மாவின் மணிக்கட்டு முறிந்தது. செட்டியார் பொம்மையும் உடைந்தது. அவ்வாண்டு எங்கள் வீட்டில் கொலு இல்லை.

அப்பா எழுத்தர் பணியில் இருந்தவர். வாழ்நாளெல்லாம் பேனாவைத் தவிர வேறு கருவியைப் பிடித்தறியாதவர். எனினும் மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றிரவு, "இந்த வீட்டுக்கு இரண்டு படி வேண்டும். நாமே செய்வோம்" என்றார். அடுத்த ஞாயிறன்று கீர்த்தி நகர் மரச்சந்தைக்குச் சென்று பைன் பலகைகள் வாங்கிவந்தோம். எங்கள் குடியிருப்புக்கு அருகில் மரவேலை செய்துவந்த சகாரன்பூர்த் தச்சர் ஒருவர் கருவிகளைத் தந்து, கற்றுத்தரவும் இசைந்தார். அவர் அப்பாவை 'பாபுஜி' என்றும் என்னை 'பேட்டா' என்றும் அழைப்பார். நாங்கள் அவரை 'மிஸ்திரிஜி' என்போம்.

நான் அறுத்த முதல் பக்கப்பலகையை அவர் வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பலகைகளைப் பொருத்தச் செய்து, படியைத் தரையில் வைத்தார். அது ஆடியது. பலகையின் அடிப்பக்கம் சாய்வாக அறுபட்டு, ஒரு மூலை 3 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. வெறும் 3 மில்லிமீட்டர்! தேர்வுத்தாளில் அத்தனை சிறிய பிழைக்கு ஆசிரியர் அரை மதிப்பெண் குறைப்பார். அத்துடன் அது முடிந்துவிடும். இங்கோ என் பிழையின்மேல் என் அம்மா ஏறி நிற்க வேண்டும். அப்பலகையை ஒதுக்கிவிட்டு வேறொன்றை அறுத்தேன்.

மாணவர்களே, அன்று நான் பெற்ற எண்ணத்தையே இங்கு உங்கள்முன் வைக்கிறேன். எட்டாம் வகுப்பை முடிப்பதற்குள், மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டார் நாள்தோறும் பயன்படுத்தும் மரப்பொருள் ஒன்றைத் தம் கையால் செய்திருக்க வேண்டும். கண்காட்சியில் ஒருநாள் வைத்து மறக்கும் பொருள் அன்று. பிறர் நம்பி ஏறும் படியாகவோ, அமரும் பலகையாகவோ, நூல் அடுக்கும் தட்டாகவோ அது இருத்தல் வேண்டும்.

படி கற்பிக்கும் பாடங்கள்

இரண்டே படிகள்தாமே, அதில் கற்க என்ன உள்ளது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் படியையே சான்றாகக் கொள்வோம். ஒவ்வொரு படியின் உயரமும் 20 சென்டிமீட்டர். கால் வைக்கும் பலகையின் அகலம் 23 சென்டிமீட்டர். மொத்த உயரம் 40. மொத்த ஆழம் 46. இவ்வளவுகள் மனம்போன போக்கில் அமைந்தவை அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா புளோந்தெல் ஒரு விதியைக் கூறினார். படியின் உயரத்தை இரு மடங்காக்கி, அதனுடன் அகலத்தைக் கூட்டினால், மனிதர் நடக்கும் ஓர் அடிவைப்பின் நீளம் கிடைக்க வேண்டும் என்பது அது. அவர் கணக்கில் அந்நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். எங்கள் படிக்கு அதனைப் போட்டுப் பாருங்கள்: 63 வரும். நீங்கள் வகுப்பில் கற்கும் சமன்பாடு, இங்கே காலுக்கடியில் வந்து நிற்கிறது.

படிகளின் உயரம் ஒன்றுபோல் இருத்தலும் இன்றியமையாதது. முதற்படியில் ஏறியதுமே, அடுத்த படியின் உயரத்தை நம் கால் எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். அது சிறிதளவு மாறினாலும் இடறுவோம்.

அடுத்தது, மரத்தின் இயல்பு. மரம் ஈரத்தை உண்டு பருக்கும், வறட்சியில் சுருங்கும். நாரோட்டத்திற்குக் குறுக்கேதான் இம்மாற்றம் மிகுதி. நாரோட்டத்தின் நெடுக்கே மிகமிகக் குறைவு. தில்லியின் மே மாத வறட்சியில் எளிதாக மூடும் கதவு, ஆகத்து மாத மழையில் இறுகிக்கொள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் காரணம் இதுவே. ஆகவேதான் மிஸ்திரிஜி, கால் வைக்கும் இரு பலகைகளுக்கிடையே நூலிழை அளவு இடைவெளி விடச்செய்தார். "மழைக்காலத்தில் மரமும் மூச்சுவிட இடம் வேண்டும், பேட்டா" என்றார். திருகாணி இறங்குமிடத்தில் முன்னரே சிறு துளை இடாவிட்டால் பலகை பிளக்கும் என்பதையும், நாற்கோணச் சட்டம் பக்கவாட்டில் சாயும், மூலைக்கு மூலை ஒரு குறுக்குச்சட்டம் அடித்து முக்கோணமாக்கினால் சாயாது என்பதையும் அவரிடமே கற்றேன். முக்கோணத்தின் உறுதியைப் பாடநூலில் அதற்கு முன்னரே படித்திருந்தேன், நம்பியது அன்றுதான்.

தலைநகரோடு தொடர்புள்ள ஒரு சிந்தனை

இக்கருத்து புதியதன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாடு, ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்டு ஏழாண்டுக் கட்டாயக் கல்வி அமைய வேண்டும் என்று கருதியது. அதற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவின் தலைவர் டாக்டர் சாகிர் உசேன். அவர் அப்போது தில்லியின் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தர். பின்னாளில் நம் குடியரசுத் தலைவர். 1920 இல் அலிகாரில் தோன்றிய அந்நிறுவனம், 1925 இல் தில்லிக்கு வந்தபோது முதலில் இயங்கிய இடம் கரோல் பாக். ஆம், இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் அதே கரோல் பாக்தான்.

அக்குழுவில் தமிழர் இருவரும் இருந்தனர். அமைப்பாளராகப் பணியாற்றிய ஆரியநாயகம் இலங்கைத் தமிழர். பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தஞ்சையில் பிறந்தவர். நூற்பு, நெசவு, வேளாண்மை ஆகியவற்றோடு தச்சும் அவர்கள் பரிந்துரைத்த தொழில்களுள் ஒன்று. மாணவர் செய்யும் பொருளை விற்றுப் பள்ளிச் செலவை ஈடுசெய்யலாம் என்னும் எதிர்பார்ப்பு அத்திட்டத்தோடு கலந்திருந்தது. அதனை நான் ஏற்கவில்லை. சிறுவர் கைகள் சந்தைக்கு உழைத்தல் ஆகாது. அவர்கள் செய்வது அவர்தம் வீட்டிற்கே உரியதாகட்டும். ஆயின் கையால் செய்து கற்பதும் கல்வியே என்னும் அடிப்படையை மறுக்க இயலாது. பின்லாந்து நாடு 1866 ஆம் ஆண்டிலேயே பள்ளிகளில் கைவினையைப் பாடமாக்கியது. இன்று அங்கே மாணவர், மாணவியர் இருபாலாருமே மரவேலையும் தையலும் கற்கின்றனர்.

எதிர்ப்புரைகள்

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவற்றையும் நேர்மையாக எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, தமிழர் எவரும் மறக்கலாகாத ஒரு வரலாறு. 1953 இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு ஒரு திட்டம் கொண்டுவந்தார். தச்சர் மகன் தச்சனாகவும் உழவர் மகன் உழவனாகவுமே நின்றுவிட இத்திட்டம் வழிவகுக்கும் என்று கூறி, அதனைக் 'குலக்கல்வி' என மக்கள் எதிர்த்தனர். 1954 இல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. தந்தையின் தொழிலை மகன்மீது சுமத்துவது கல்வி அன்று.

ஆயின் நான் வேண்டுவது அதற்கு நேர்மாறானது. தச்சரின் மகள் பொறியியல் படிக்கட்டும். எழுத்தரின் மகன் உளி பிடிக்கட்டும். எத்தொழிலும் எவர்க்கும் உரியது என்று ஆகும்போதுதான், பிறப்போடு தொழிலைப் பிணைத்த கயிறு அறும். உளியைத் தொட்டறியாத நாமே, தச்சர் கேட்கும் கூலியில் பேரம் பேசுகிறோம். ஒரு பலகையை நேராக அறுக்க முயன்று தோற்றவருக்கு அப்பேரம் பேச நா எழாது. அன்றுமுதல் அப்பா எவரிடமும் மரவேலைக் கூலியைக் குறைக்கச் சொன்னதில்லை.

இரண்டாவது, 'கருவிகள் ஆபத்தானவை' என்பர். உண்மையே. ஆகவே பெரியவர் ஒருவர் உடனிருத்தல் கட்டாயம். பலகையை இறுக்கிப் பிடித்தபின்னரே அறுத்தல் வேண்டும். உளியின் கூர்முனைக்கு எதிரே ஒருபோதும் கை இருத்தலாகாது. மின்கருவிகளைச் சிறுவர் தொடலாகாது. விதிகளைக் கற்று ஆபத்தைக் கையாளுவதும் ஒரு பயிற்சியே. எங்கள் வீட்டில் எலும்பை முறித்தது வாளோ உளியோ அன்று. நாற்காலிமேல் வைத்த முக்காலியே!

மூன்றாவது, 'நெகிழி முக்காலி மலிவாகக் கிடைக்கையில் இவ்வுழைப்பு ஏன்?' என்பர். நெகிழி முக்காலி உடைந்தால் குப்பைக்குச் செல்லும். மரப்படியில் ஒரு பலகை பிளந்தால் அதை மட்டும் மாற்றலாம். செய்தவருக்கு அதன் உள்ளும் புறமும் தெரியும். இதனைத்தான் விலைகொடுத்து வாங்க இயலாது.

ஔவையின் உவமை

கைத்திறனை இழிவாக எண்ணுவது தமிழ் மரபும் அன்று. புறநானூற்றில் ஔவையார், அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது அவன் வாயில்காவலனிடம் சினந்து பேசுகிறார். கல்வியில் வல்லார்க்கு எத்திசை சென்றாலும் உணவு கிடைக்கும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டும் உவமை, கோடரியுடன் காட்டிற்குள் புகும் தச்சரின் கைத்திறன் மிக்க சிறுவர்கள். காடெங்கும் அவர்களுக்கு வேலை உண்டு. தம் புலமைக்கு நிகராகத் தச்சுச் சிறுவரின் கைத்திறனை வைத்தார் ஒரு பெரும்புலவர்! அவர் வைத்த இடத்திலிருந்து அதனைக் கீழிறக்கியவர் நாமே.

இன்னொரு பயனும் உண்டு. மிஸ்திரிஜியிடம் ஆரி, ரந்தா, குனியா என்னும் சொற்களைக் கற்றேன். மாலையில் அப்பா, ஊரில் தாம் கேட்டறிந்த பெயர்களைச் சொல்வார். ஆரி என்பது வாள். ரந்தா என்பது இழைப்புளி. குனியா என்பது மூலைமட்டம். உளியை அறையும் மரச்சுத்திக்குக் கொட்டாப்புளி என்று பெயர். இச்சொற்கள் எங்கள் வீட்டுப் பேச்சில் அதுவரை வந்ததே இல்லை. வேலை இருந்தால்தானே சொல் வரும்! ஊரைவிட்டு வந்த நம் தமிழ், சமையலறையிலும் பூசையறையிலும் மட்டுமே தங்கிவிடாமல் இருக்க, நம் கைகளுக்கும் சில தமிழ் வேலைகள் வேண்டும்.

செய்யத்தக்கது

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்குக் கைத்தொழில் அறிமுகம் தேவை என்கிறது. அது எடுத்துக்காட்டும் தொழில்களுள் தச்சும் ஒன்று. புத்தகப் பையில்லாப் பத்து நாள்களையும் அதற்கென வகுத்துள்ளது. நல்ல தொடக்கம், ஆயின் பத்து நாள்களில் கருவியின் பெயரை அறியலாம், கை பழகாது. எனவே பள்ளியில் தொடங்கியதை விடுமுறையில் வீட்டில் முடியுங்கள். தாயிடமோ தந்தையிடமோ கேளுங்கள்: "நம் வீட்டில் எட்டாத இடம் எது?" அங்கிருந்து உங்கள் வேலை தொடங்கட்டும். உங்களுக்குக் கற்றுத்தரும் தச்சரைப் பெயர் கேட்டு அறிந்து, ஆசிரியராக மதியுங்கள்.

அடுத்த ஆண்டு அம்மா, எங்கள் மரப்படியில் ஏறிப் பரணைத் திறந்தார். முதலில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். படி ஆடவில்லை. பின்பு இரு கால்களையும் வைத்து நின்றார். கீழே நின்ற நான் அதுவரை மூச்சுவிடவில்லை. அதற்கு முன்னும் பின்னும் நான் எழுதிய எத்தேர்வின் முடிவுக்கும் அவ்வளவு அஞ்சியதில்லை.

*

சிந்தித்து விடை எழுதுக

1. தாம் அறுத்த முதல் பலகையை ஆசிரியர் ஏன் ஒதுக்கினார்? தேர்வில் செய்யும் பிழைக்கும் இப்பிழைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. 1953 ஆம் ஆண்டுத் திட்டத்திற்கும் ஆசிரியரின் கருத்துக்கும் உள்ள வேறுபாடு யாது? நீங்கள் அவருடன் உடன்படுகிறீர்களா? காரணம் தருக.
3. உங்கள் வீட்டுப் படிக்கட்டின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, புளோந்தெல் விதியின்படி கணக்கிட்டுக் காண்க.
4. உங்கள் வீட்டில் மரத்தால் செய்யத்தக்க பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதன் தேவை, அளவு, செய்யும் முறை ஆகியவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.