பூங்காவில் பெருகிய வாத்துகளும் வேட்டையின் எல்லையும்

வட அமெரிக்க நகரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குக் கனடா கூஸ் என்னும் பெருவாத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கரிய கழுத்தும் வெண்தாடையும் கொண்ட அப்பறவை டொராண்டோவின் ஏரிக்கரையிலும் நியூ ஜெர்சியின் பூங்காக்களிலும் மனிதருக்கு அஞ்சாமல் கூட்டங்கூட்டமாய் உலவுகிறது. அண்மை ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் மாதத்தில் வந்தது. அவ்வாத்துகள் சிறகுதிர்த்துப் பறக்க இயலாமல் புல்தரையிலேயே தங்கிக் கிடக்கும் பருவமும் அதுவே. பெருநாள் தொழுகைக்குத் திடலைத் தேர்ந்தெடுக்கும் ஜமாஅத்துகள் முதலில் தரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் ஃபிக்ஹு நூல்களின் நுணுக்கம் நமக்குச் சுவையாகவே படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் எல்லாப் பறவைகளின் எச்சமும் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில், பறந்தவாறே எச்சமிடும் புறா, சிட்டுக்குருவி முதலிய உண்ணத்தக்க பறவைகளுக்குச் சலுகை உண்டு. கோழிக்கும் வாத்துக்கும் அச்சலுகை இல்லை. ஆக, தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் இரு மத்ஹபுகளும் வாத்தின் எச்சத்தில் ஒருமித்து நிற்கின்றன. (மாலிகி, ஹன்பலி மத்ஹபினருக்கு இக்கவலை இல்லை, உண்ணத்தக்க பிராணிகளின் எச்சம் அவர்களிடத்தில் தூய்மையானது.)

எனவே எரிச்சல் இயல்பானதே. ‘வாத்து ஹலால்தானே, சுட்டுத் தின்றால் என்ன?’ என்ற கேள்வி நம் விருந்துகளில் பாதி வேடிக்கையாகவும் பாதி மெய்யாகவும் எழுகிறது. நாம் அதனை மெய்யாகவே எடுத்துக்கொண்டு ஆராய விரும்புகிறோம். வேட்டை நம் மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் பூங்காவின் சிக்கலை வேட்டை தீர்க்காது. பூங்காக்களில் இப்போது நடைபெறும் கொலையோ வேட்டையே அன்று. இவ்விரண்டையும் பிரித்து அறியாதவரை இக்கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது.

இவ்வாத்துகள் எப்படி நகருக்குள் வந்தன என்பதை முதலில் நோக்குவோம். சந்தைக்காக வரம்பின்றிச் சுட்டமையாலும் சதுப்பு நிலங்கள் அழிக்கப்பட்டமையாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீர்ப்பறவைகள் பெரிதும் குறைந்திருந்தன. 1916இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரிட்டனும், வலசைப் பறவைகளைக் காக்க உடன்படிக்கை செய்தன. இவ்வாத்தின் மிகப் பெரிய கிளையினம் அடியோடு அற்றுப்போனதாகவே கருதப்பட்டது. 1962இல் மின்னசோட்டாவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள சில்வர் ஏரியில் அவ்வினம் உயிரோடிருப்பதை ஹரால்டு ஹான்சன் என்னும் ஆய்வாளர் கண்டறிந்தார். மகிழ்ச்சியுற்ற வனத்துறைகள் குஞ்சுகளை வளர்த்து ஊர் ஊராக விட்டன. அதற்கு முன்பே, பிற வாத்துகளை ஈர்க்க வேட்டைக்காரர்கள் உயிருள்ள வாத்துகளைக் கட்டி வைக்கும் வழக்கம் 1935இல் அமெரிக்காவில் தடை செய்யப்பட்டபோது, வளர்ப்பு வாத்துகள் பல அவிழ்த்துவிடப்பட்டிருந்தன. வலசைப் பாதையைக் குஞ்சுகள் பெற்றோரோடு பறந்தே கற்கின்றன. மனிதர் வளர்த்த குஞ்சுகளுக்குக் கற்பிப்பார் இல்லை. அவை விட்ட இடத்திலேயே தங்கிப் பெருகின.

அவற்றுக்கு நாம் அமைத்துக் கொடுத்த இருப்பிடமோ ஒப்பற்றது. உரமிட்டு ஒட்ட வெட்டிய இளம்புல், பக்கத்திலேயே குளம், பகைவிலங்கு மறைந்து வரப் புதரில்லாத வெட்டவெளி, போதாக்குறைக்குக் குழந்தைகள் வீசும் ரொட்டித் துண்டுகள். ‘வாத்துத் தொல்லை’ என்று நாம் பெயரிட்டிருப்பது பெரும்பாலும் புல்தரைத் தொல்லையே.

இனி வேட்டைக்கு வருவோம். உள்ளூரிலேயே தங்கிவிட்ட வாத்துகளைக் குறைப்பதற்கென்றே, வடக்கிலிருந்து வலசைக் கூட்டங்கள் வந்து சேரும் முன்பாகச் செப்டம்பர் மாதத்தில் தனி வேட்டைப் பருவம் பல மாநிலங்களில் அனுமதிக்கப்படுகிறது. ஊர்ப்புற வயல்களில் அதனால் பயனுண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் நகர எல்லைக்குள் துப்பாக்கி வெடிப்பதைச் சட்டங்கள் தடுக்கின்றன. குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் அவ்வாறு தடுப்பதே முறை. இதை வாத்துகளும் விரைவில் கற்றுக்கொள்கின்றன. சிகாகோ நகரில் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாத்துகளுக்குக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, குளிர்காலத்தில் நகருக்குள் தங்கியவை உயிர் பிழைத்தன. நகரை விட்டு வெளியேறியவற்றுள் ஏறத்தாழப் பாதிதான் பிழைத்தன. வேட்டையின் அச்சமே அவற்றை நகருக்குள் இருத்துகிறது என்றுகூடச் சொல்லலாம். வேட்டைக்காரர்களும் குறைந்து வருகின்றனர். 1991இல் அமெரிக்காவில் 1 கோடியே 41 இலட்சமாக இருந்த அவர்கள் தொகை 2016இல் 1 கோடியே 15 இலட்சமானது.

வேட்டை நுழைய முடியாத பூங்காவில் அரசுகள் வேறு வழியை நாடுகின்றன. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் வாத்துக் கூட்டத்தில் மோதிய விமானம் ஒன்று ஹட்சன் ஆற்றில் இறங்கியது. அல்லாஹ்வின் அருளால் அதிலிருந்த 155 பேரும் உயிர் தப்பினர். அவ்வாண்டுக் கோடையில் நகரின் 17 இடங்களில் 1,235 வாத்துகள் சிறகுதிர்ந்த நிலையில் சுற்றி வளைக்கப்பட்டுக் கொல்லப்பட்டன. விமான இயந்திரத்தில் சிக்கிய இறகுகளை ஸ்மித்சோனியன் நிறுவன அறிஞர்கள் ஆராய்ந்தபோதோ, மோதியவை வடக்கிலிருந்து வந்த வலசை வாத்துகள் என்று தெரிந்தது. அதாவது, பூங்கா வாத்துகள் குற்றவாளிகள் அல்ல. மறு ஆண்டு புரூக்ளினின் பிராஸ்பெக்ட் பூங்காவில் ஏறத்தாழ 400 வாத்துகள் நச்சுக்காற்றால் கொல்லப்பட்டன. அக்காலத்தில் கொல்லப்பட்டவை குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. மக்கள் கொதித்தெழுந்த பின்பே, 2011இல், இறைச்சியைப் பென்சில்வேனியாவின் உணவு வங்கிகளுக்கு அனுப்பத் தொடங்கினர். டென்வர் நகரமும் 2019இல் 1,600க்கும் மேற்பட்ட வாத்துகளைப் பிடித்து, இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கியது.

விமான நிலையத்தின் அருகே உயிர்ச்சேதத்தைத் தடுக்கக் கொல்லத்தான் வேண்டுமெனில் நாம் எதிர்க்கவில்லை. ஹரம் எல்லைக்குள்ளும் இஹ்ராம் நிலையிலும் வேட்டை விலக்கப்பட்டிருந்தும், தீங்கு விளைக்கும் தேள், எலி, வெறிநாய் போன்றவற்றைக் கொல்ல நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். மனித உயிருக்கு வரும் தீங்கை மார்க்கம் கணக்கில் கொள்கிறது. ஆனால் நடைபாதை அழுக்காகிறது என்பதற்காக ஆயிரம் உயிர்களை மூச்சுத் திணறடித்துக் குழியில் கொட்டுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒரு சிட்டுக்குருவியை வீணே கொன்றவனுக்கு எதிராக அக்குருவியே மறுமையில் முறையிடும் என்ற கருத்துடைய நபிமொழி நஸாயீயில் பதிவாகியுள்ளது. உயிருள்ளதை இலக்காக நிறுத்தி எய்வதை நபியவர்கள் கண்டித்தமை புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

இறைச்சியை ஏழைக்கு வழங்கிவிட்டால் நம் சங்கடம் தீர்ந்துவிடுமா? நம்மைப் பொறுத்தவரை முழுவதும் தீராது. கழுத்து நெரிந்தும் மூச்சடைத்தும் இறந்த பிராணியைத் திருக்குர்ஆன் 5:3 விலக்கிவிட்டது. நச்சுக்காற்றால் இறந்த வாத்தும் அவ்வகையே. உணவு வங்கியில் வரிசை நிற்கும் முஸ்லிம் குடும்பத்துக்கு அது உதவாது. வேட்டையாடிய வாத்தின் நிலை வேறு. பிஸ்மில்லாஹ் கூறி எய்து, கூரிய முனை துளைத்து இறந்ததை உண்ணலாம். அகலப் பக்கம் மோதி அடிபட்டு இறந்ததை உண்ணலாகாது என்று அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் விளக்கினார்கள். துப்பாக்கிச் சன்னம் துளைப்பதா, மோதிக் கொல்வதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. ஆதலால், விழுந்த பறவையை விரைந்தெடுத்து உயிருள்ளபோதே அறுத்துவிடுவதே பேணுதலான வழி. ஈயச் சன்னத்தைப் பற்றிய அச்சம் வேண்டாம். நீர்ப்பறவை வேட்டையில் அமெரிக்கா 1991இலும் கனடா 1999இலும் அதனைத் தடை செய்துவிட்டன.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் இந்தியாவில் வளர்ந்த நம்மவர்க்கு வேட்டை என்றாலே குற்றம் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. உரிமம் பெற்று, பருவமறிந்து, அளவுக்குட்பட்டு, உண்பதற்காக வேட்டையாடும் அண்டைவீட்டாரை நாம் ஏளனமாக நோக்கத் தேவையில்லை. கடையில் பொதியாக வாங்கும் கோழியைவிட அவர் கையிலுள்ள வாத்து சுதந்திரமான வாழ்வை வாழ்ந்திருக்கிறது. அவ்விறைச்சியை விற்கச் சட்டம் இடங்கொடாது. உண்ணலாம், பிறருக்குக் கொடுக்கலாம். நம் இளைஞர் சிலர் முறையாகப் பயின்று இதில் இறங்கினால் நாம் தடை சொல்ல மாட்டோம். அதனால் பூங்கா தூய்மையாகும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

பூங்காவுக்கு வேண்டிய வேலைகள் ஆரவாரமற்றவை. முட்டைக்குச் சோள எண்ணெய் பூசுவது அவற்றுள் ஒன்று. முட்டையை நீரிலிட்டுப் பார்ப்பர். மிதந்தால் உள்ளே கரு வளர்ந்துவிட்டது என்று பொருள். அதனைத் தொடாமல் திரும்ப வைத்துவிடுவர். மூழ்கினால் எண்ணெய் பூசிக் கூட்டிலேயே விடுவர். முட்டையை எடுத்துவிட்டால் தாய் மீண்டும் இடும். எண்ணெய் பூசியதன் மீதோ அடைகாத்துக்கொண்டே இருக்கும். உயிர் உருவாகுமுன் தடுப்பது, பறக்க இயலாத பறவையைப் பெட்டியில் அடைத்துக் கொல்வதினும் இரக்கமானது என்பது நம் கருத்து. இதனால் இப்போதுள்ள வாத்துகள் குறையா. அவை இருபது ஆண்டுகள்கூட வாழக்கூடியவை. பெருக்கம் மட்டும் நிற்கும். கொன்று வெறுமையாக்கிய பூங்காவிலோ, புல்லும் குளமும் அப்படியே இருப்பதால், வேறு வாத்துகள் வந்தமர்கின்றன.

புறநகரங்களில் நம் பள்ளிவாசல்கள் பலவற்றுக்குப் பெரிய புல்தரையும் மழைநீர்க் குட்டையும் உண்டு. அமெரிக்காவில் கூட்டரசிடம் ஆண்டுதோறும் பதிவு செய்துகொண்டு, மாநில விதிகளுக்கு உட்பட்டு, நிலத்தின் உரிமையாளரே முட்டைக்கு எண்ணெய் பூசலாம்; கூடு கட்டும் காலம் மார்ச்சில் தொடங்குகிறது. குட்டையைச் சுற்றிப் புல்லை வெட்டாமல் இடுப்பளவு வளரவிட்டாலே வாத்துகள் அங்குத் தங்கத் தயங்கும். நிர்வாகக் குழுவினர் புல்வெட்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது கரையோரப் பகுதியை மட்டும் அதிலிருந்து நீக்கிவிடலாம். செலவும் சற்றுக் குறையும்.