யாரால் கூறப்படுகிறது? பேச்சிப்பாறைச் செய்திகளும் ஆய்வு உரைநடையின் செயப்பாட்டுவினையும்

தமிழ் ஆய்வேடுகளிலும் ஆய்விதழ்க் கட்டுரைகளிலும் 'எனக் கூறப்படுகிறது', 'எனப் பரவலாகக் கருதப்படுகிறது', 'எனப் பாரம்பரியமாக நம்பப்படுகிறது' என்னும் முடிபுகள் இன்று மிகுதியாகப் பயின்று வருகின்றன. நடுநிலையான ஆய்வுக்கு ஏற்ற நடை இதுவே என்ற எண்ணமும் வலுப்பெற்றுள்ளது. ஆனால், களஆய்வைச் சார்ந்த எழுத்தில் இம்முடிபுகள் நடுநிலையைத் தருவதில்லை. சான்று தந்தவரை மறைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து. கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறையைப் பற்றிய செய்திகளைக் கொண்டு இதனை விளக்கலாம்.

ஆங்கில அமைப்பும் தமிழ் அமைப்பும்

'இட் இஸ் வைட்லி பிலீவ்ட் தட்' என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தில் நான்கு உறுப்புகள் உள்ளன. தனக்கெனப் பொருளில்லாத எழுவாயாகிய 'இட்', செயப்பாட்டுவினை, அதனிடையே நிற்கும் வினையடை, 'தட்' என்னும் இணைப்புச்சொல்லோடு பின்வரும் செய்தித்தொடர் என்பன அவை. வினையடை மூவகைப் பணிகளைச் செய்கிறது. 'வைட்லி', 'ஜெனரலி' போன்றவை கருத்தின் பரப்பைக் காட்டுகின்றன. 'ஃபர்ம்லி' போன்றவை அதன் உறுதியைக் காட்டுகின்றன. 'ரைட்லி', 'ராங்லி' போன்றவை எழுதுபவர் அக்கருத்தை ஏற்கிறாரா, மறுக்கிறாரா என்பதை உணர்த்துகின்றன. செய்தித்தொடர் இறுதியில் நிற்பதால், வினையடை எதனைத் தழுவுகிறது என்பதில் ஐயம் எழுவதில்லை. 'இது ஒரு கருத்து' என்று அறிந்துகொண்ட பின்னரே படிப்பவர் அக்கருத்தைப் படிக்கிறார்.

தமிழில் 'என்று' என்பதற்கு முன்னரே செய்தித்தொடர் வந்துவிடுகிறது. ஆகவே ஆங்கில வரிசையில் வினையடையை முதலில் வைத்தால் பொருள் மாறும். 'பரவலாக இம்மலைகளில் காணிக்காரர் வாழ்ந்தனர் என்று கருதப்படுகிறது' என்று எழுதினால், 'பரவலாக' என்பது 'வாழ்ந்தனர்' என்பதைத் தழுவுகிறது. கருத்தின் பரப்பு குடியிருப்பின் பரப்பாகிவிடுகிறது. அடையை இறுதிக்குக் கொண்டுசென்றால் இக்குழப்பம் நீங்கும். ஆனால் அதற்குள் படிப்பவர் தொடர் முழுவதையும் உண்மைச் செய்தியாகவே படித்து முடித்திருப்பார். 'என்று தவறாகக் கூறப்படுகிறது' என்னும் தொடரில், சொன்னவர் பிறழச் சொன்னாரா, சொல்லப்பட்ட செய்தியே பிழையா என்பதும் தெளிவாவதில்லை. ஆங்கிலத்தில் இடையூறின்றி இயங்கும் ஓர் அமைப்பு, தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்படும்போது தன் வேலையைச் செய்யத் தவறுகிறது.

மரபு தரும் வழி

இதனால் படு என்னும் துணைவினை தமிழுக்கு அயலானது என்று கூற இயலாது. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே 'எனப்படுப', 'என்ப' என்னும் இரு சொற்களும் ஒருங்கே வருகின்றன. முன்னது பெயரிட்டு வரையறுக்கிறது. பின்னது பிறர் கூற்றை எடுத்துரைக்கிறது. 'என்ப', 'மொழிப', 'என்மனார்' ஆகியவை பலர்பால் படர்க்கை வினைமுற்றுகள். எழுவாய் வெளிப்படையாக வராத இடத்தும், சொன்னவர் மாந்தர் என்பதை வினைமுற்றின் ஈறே காட்டிவிடுகிறது. 'கூறப்படுகிறது' என்பதிலோ அஃறிணை ஒருமை ஈறு மட்டுமே உள்ளது. சொன்னவருக்கு அங்கே இடமில்லை.

உரையாசிரியர்களும் இம்மரபைப் பேணினர். சேனாவரையர் இளம்பூரணரை 'உரையாசிரியர்' என்று சுட்டி, அவர் கருத்தை எடுத்துக்காட்டி, பின்னரே மறுக்கிறார். 'என்பாரும் உளர்' என்று பெயர் சுட்டாமல் கூறும் இடத்திலும் அக்கருத்துக்கு உரியவர் மாந்தராகவே நிற்கின்றனர். எடுத்துரைப்பு ஒரு தொடராகவும், ஏற்பும் மறுப்பும் மற்றொரு தொடராகவும் அமைகின்றன. ஆங்கில வினையடை ஒரு சொல்லில் அடக்கும் பணியை இவர்கள் தனி வாக்கியத்தில் வெளிப்படையாகச் செய்தனர். பேச்சுவழக்கிலும் 'வந்தானாம்', 'இருந்ததாம்' என்னும் 'ஆம்' ஈறு, கேட்டறிந்த செய்தியைக் கண்டறிந்த செய்தியிலிருந்து பிரிக்கிறது. ஆய்வு உரைநடை 'ஆம்' ஈற்றை விலக்கியது. அதன் இடத்தில் நுழைந்த 'கூறப்படுகிறது' அவ்வளவு நுட்பமாகப் பணி செய்யவில்லை.

பேச்சிப்பாறையில் மூவகைச் சான்றுகள்

கோதையாற்றின் குறுக்கே அமைந்த பேச்சிப்பாறை அணை, திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897க்கும் 1906க்கும் இடையில் எழுந்தது. பொறியாளர் மிஞ்சின் அதனைக் கட்டினார். இவ்வாறு எழுதும்போது எவரும் 'மிஞ்சினால் கட்டப்பட்டதாகப் பரவலாக நம்பப்படுகிறது' என்று எழுதுவதில்லை. அரசுப் பதிவேடு உள்ள செய்திக்குப் பெயரும் ஆண்டும் எழுவாயும் இயல்பாகக் கிடைத்துவிடுகின்றன.

அணையைச் சூழ்ந்த மலைகளில் வாழும் காணிக்காரரைப் பற்றி எழுதும்போது நிலை மாறுகிறது. 'காணிக்காரரிடையே பிலாத்தி என்பவர் மருத்துவராகவும் பூசாரியாகவும் விளங்கினார் எனக் கூறப்படுகிறது' என்னும் வாக்கியத்தை எண்ணிப் பார்ப்போம். கூறியவர் யார்? 1883இல் வெளிவந்த நூலில் திருவிதாங்கூர் மக்களின் வாழ்வை விவரித்த மறைப்பணியாளர் சாமுவேல் மேட்டீரா? 1909இல் தென்னிந்தியக் குலங்களைத் தொகுத்த எட்கர் தர்ஸ்டனா? 1937இல் திருவிதாங்கூர்ப் பழங்குடிகளைப் பற்றி எழுதிய எல்.ஏ.கிருஷ்ண ஐயரா? அன்றி, சென்ற திங்கள் ஆய்வாளரோடு உரையாடிய ஒரு மூட்டுக்காணியா? இவர்களிடையே நூறாண்டுக்கு மேற்பட்ட கால இடைவெளி உண்டு. வெளியிலிருந்து பார்த்தவர், உள்ளிருந்து வாழ்ந்தவர் என்னும் வேறுபாடும் உண்டு. ஒரே முடிபு இவையனைத்தையும் அழித்துவிடுகிறது.

ஊர்ப்பெயரைப் பற்றிய விளக்கமும் அத்தகையதே. 'பேச்சியம்மன் உறைந்த பாறையால் இப்பெயர் அமைந்தது எனப் பாரம்பரியமாக நம்பப்படுகிறது' என்று ஒருவர் எழுதலாம். இது வழிபடுவோர் கூற்றாயின் வழக்காற்றுச் சான்று. சுற்றுலாக் குறிப்பேட்டின் கூற்றாயின் அண்மைக்காலச் செய்தி. முந்தைய ஆய்வேட்டிலிருந்து எடுத்ததாயின் இரண்டாம் நிலைச் சான்று. மூன்றுக்கும் ஆய்வு மதிப்பு வேறு. அடுத்த ஆய்வாளர் இவ்வாக்கியத்தை மேற்கோளாகக் கொள்ளும்போது, ஒருவர் கூற்றும் 'பரவலான நம்பிக்கை'யாக வளர்ந்துவிடும்.

பெயர் சுட்டுவதன் பயன்

இது நடையழகைப் பற்றிய சிக்கலன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் அமைந்த மாநில எல்லை, காணிக்காரர் வாழும் மலைகளைத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எனப் பிரித்தது. எல்லைக்கு அப்பாலுள்ள அகத்தியமலைப் பகுதியில் 1987இல் அறிவியலாளர் குழுவொன்று ஆய்வுப் பயணம் மேற்கொண்டது. உடன்வந்த காணிக்காரர்கள் ஒரு செடியின் கனிகளை உண்டு களைப்பின்றி நடந்ததைக் குழுவினர் கண்டனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய மருந்தகத்துக்கு உரிமம் வழங்கியது. உரிமத் தொகையிலும் உரிமைப்பங்கிலும் பாதி காணிக்காரருக்கு உரியது என்னும் ஏற்பாடு, உலக அளவில் பயன்பகிர்வுக்கு முன்னோடியாகப் பேசப்பெற்றது. அதன் நடைமுறையில் குறைகள் சுட்டப்பெற்றதும் உண்மை. எனினும், அவ்வேற்பாட்டுக்கு அடிப்படையானது 'காணிக்காரர் கூறினர்' என்னும் பதிவே. 'இக்கனி களைப்பை நீக்கும் எனப் பாரம்பரியமாக நம்பப்படுகிறது' என்று மட்டும் பதிவு செய்திருந்தால், உரிமை கோருவதற்கு எவரும் இருந்திருக்க மாட்டார்.

சில வேண்டுகோள்கள்

சான்றளித்தவரின் பாதுகாப்புக் கருதிப் பெயரை வெளியிட இயலாத நிலை உண்டு என்பர். அது ஏற்கத்தக்கதே. ஆயினும் பெயரை மறைப்பது வேறு. ஆளையே இல்லாமற் செய்வது வேறு. 'பேச்சிப்பாறைப் பகுதியைச் சேர்ந்த முதிய காணிக்காரப் பெண்ணொருவர் கூறினார்' என்பதில் பெயரில்லை; சான்றின் தகுதி உண்டு. அறிஞர் அனைவரும் உடன்படும் செய்திகளும் உண்டு. அவற்றை நேரடியாகவே கூறலாம், முடிபு தேவையில்லை.

ஆகவே ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்கவை இவை. கூறியவர் தெரிந்தால் அவரை எழுவாயாக்குதல். பலர் கருத்தெனில் 'என்பர்' என முடித்து, அவருள் இருவரையேனும் சுட்டுதல். வாய்மொழிச் சான்றெனில் இடமும் குழுவும் காலமும் தருதல். தம் மதிப்பீட்டை வினையடையில் ஒளிக்காமல் தனி வாக்கியத்தில் கூறுதல். கட்டுரைகளை மதிப்பிடும் அறிஞர்களும் 'கூறப்படுகிறது' என்று வரும் ஒவ்வோரிடத்தும் 'யாரால்?' என்று ஓரக்குறிப்பு எழுதுவார்களாயின், பல கட்டுரைகள் திருந்தும். சிலவற்றில் விடையில்லை என்பதும் வெளிப்படும். அவ்விடங்களில் நாம் செய்ய வேண்டியது, வாக்கியத்தைத் திருத்துவதன்று; மீண்டும் களத்துக்குச் செல்வது.