ஒரு புள்ளி எத்தனை பைசா?

கிரெடிட் கார்டு என்றால் பட்டணத்துச் சமாசாரம் என்று இருந்த காலம் போய்விட்டது. 2022-ல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு சேர்க்கலாம் என்று வந்த பிறகு, எங்கள் திருவரங்குளம் மாதிரி ஊர்களிலும் போனைக் காட்டிக் கார்டுக் கடனில் சாமான் வாங்க முடிகிறது. கூடவே, "உங்களுக்கு இத்தனை ரிவார்டு புள்ளி சேர்ந்திருக்கிறது" என்று செய்தியும் வருகிறது. கார்டு பெரும்பாலும் வீட்டுக்காரர் பேரில்தான். ஆனால் மளிகை, சோப்பு, பிள்ளைகளின் துணிமணி என்று வாங்குவது நாம். அப்படியிருக்க அந்தப் புள்ளிக் கணக்கை நாம் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை புள்ளி இருக்கிறது?" என்பதல்ல, "ஒரு புள்ளி எத்தனை பைசா?" என்பதுதான். எங்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்று ஒரு குட்டிச் செப்புக் காசு இருந்தது. 20 காசு சேர்ந்தால் ஓர் அணா. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அதன் மதிப்பு தெரியும். புள்ளி அப்படி இல்லை. அதன் மதிப்பை வைப்பதும் வங்கி, குறைப்பதும் வங்கி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 ரூபாய்க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளிக்கு 25 பைசா என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண கார்டுகள் பலவற்றில் ஏறக்குறைய இப்படித்தான்; சிலவற்றில் கூடுதலாகவும் கிடைக்கும். 10,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 100 புள்ளி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. காசாகப் பார்த்தால் 25 ரூபாய்! இந்த 25 ரூபாயும் சும்மா வருவதில்லை. கார்டில் விற்கும்போது கடைக்காரர் வங்கிக்கு ஒரு சிறு தொகை கொடுக்கிறார். அதில் ஒரு துளிதான் நமக்குத் திரும்பி வருகிறது.

அந்த 10,000 ரூபாயைத் தேதிக்குள் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 350 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 63 ரூபாய். ஆக 413 ரூபாய். தாமதக் கட்டணம் தனி. 25 ரூபாய்க்கு ஆசைப்பட்டு 413 ரூபாயைக் கொடுப்பது என்ன கெட்டிக்காரத்தனம்? "குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்" என்று பில்லில் இருப்பதை நம்பினால், மீதிக்கு வட்டி ஏறுவதோடு புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. நமக்கு நாமேதான் வேலி.

அதற்காகப் புள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படியும் வாங்கப் போகிற அரிசி பருப்புக்குக் கிடைக்கிற 25 ரூபாயை ஏன் விட வேண்டும்? விவரமாக எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

புள்ளிக்குக் காலாவதி உண்டு. சில கார்டில் இரண்டு வருஷம், சிலவற்றில் மூன்று. கேலண்டரில் குறித்து வையுங்கள். புள்ளியை மாற்றும் ஒவ்வொரு முறையும் 99 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டணம் பிடிக்கிற கார்டு இருக்கிறது. அதில் 400 புள்ளியை மாற்றினால் கைக்காசுதான் போகும்; சேர்த்து வைத்து ஒரே தடவையாக மாற்ற வேண்டும். பரிசுப் பட்டியலில் 8,000 புள்ளிக்குக் குக்கர் என்று போட்டிருந்தால் உடனே மயங்க வேண்டாம். 8,000 புள்ளி 2,000 ரூபாய். அதே குக்கர் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் 1,600 ரூபாய்க்குக் கிடைத்தால், புள்ளியைப் பில்லில் கழித்துக்கொண்டு கடையில் வாங்குவதே லாபம். பெட்ரோல், வீட்டு வாடகைக்குப் பல கார்டுகளில் புள்ளியே கிடையாது. "கார்டு என்றால் 2 சதவீதம் கூட" என்று கடையில் கேட்டால் ரொக்கமே கொடுத்துவிடுங்கள்; 200 ரூபாய் தந்து 25 ரூபாய் வாங்குவானேன்? வருஷக் கட்டணமும் பாருங்கள். 499 ரூபாய் ஜி.எஸ்.டி.யோடு 589 ஆகிறது. நான் சொன்ன கணக்குப்படி அதைப் புள்ளியில் எடுக்க வருஷத்துக்கு இரண்டேகால் லட்சத்துக்கு மேல் வாங்க வேண்டும்!

இந்தப் பைசாக் கணக்கு இன்னொரு பெரிய ஆபத்திலிருந்தும் காப்பாற்றும். "உங்கள் 10,000 ரூபாய் மதிப்புள்ள புள்ளி இன்றோடு முடிகிறது, இந்த ஆப்பை இறக்குங்கள்" என்ற மாதிரி வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறதல்லவா? ஸ்டேட் பாங்க் பெயரில் வந்த இப்படிப்பட்ட செய்தி போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே 2024-ல் எச்சரித்தது. அந்த ஆப்பை இறக்கினால் போனுக்கு வரும் ஓ.டி.பி. திருடன் கைக்குப் போய்விடும். கணக்குத் தெரிந்தவள் சிரித்துவிட்டு அழித்துவிடுவாள். 10,000 ரூபாய் புள்ளி என்றால் 40,000 புள்ளி. அது சேர 40 லட்சம் ரூபாய்க்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும். நம் வீட்டில் யார் வாங்கினார்கள்? தப்பித் தவறிப் பணம் போய்விட்டால், திட்டுவார்களே என்று மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நேரம் போகப் போகப் பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, கைமாத்துக் கணக்கு எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் நமக்கு இது ஒரு பெரிய வித்தையா? மாதம் ஒரு தடவை கார்டு பில்லை வாங்கி, கட்ட வேண்டிய தேதி, வட்டி, புள்ளி மூன்றையும் பாருங்கள். புள்ளிக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவு செய்யக் கூடாது. செலவு செய்ததற்கு வந்த புள்ளியில் ஒரு பைசாவையும் விடக் கூடாது. என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, திருவரங்குளம்.