ஒரு நாளைக்கு ஒரு படம்

பெங்களூர்ல ஜனவரி பொறந்தா குமாரகிருபா ரோட்டுல சித்ர சந்தெ. சித்ரகலா பரிஷத் நடத்துது. ரோடு முழுக்க ஓவியம், கூட்டம் தாங்காது. நம்ம ஆளுங்களும் குடும்பத்தோட போய், பேரம் பேசி, பொரி கொறிச்சுட்டு வர்றோம். அப்புறம்? மிச்ச 364 நாளும் ஓவியத்தைப் பத்திப் பேச்சே கிடையாது.

1966ல கே.சி.எஸ். பணிக்கரும் அவர்கிட்ட படிச்ச ஓவியர்களும், பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்த காசுல சென்னைக்குப் பக்கத்துல நிலம் வாங்கி, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினாங்க. பக்கத்து வீட்டுக்காரரும் ஓவியர். படத்தைப் பத்திப் பேச ஆள் தேடி அலைய வேண்டாம். அதாங்க விஷயம்.

நமக்கு நிலமெல்லாம் வேணாம். ஒரே அபார்ட்மெண்ட்ல நாலு குடும்பம், ராத்திரி பத்து நிமிஷம், ஒரே ஒரு படம். தலைவர், செயலாளர், பொன்னாடை எதுவும் கூடாது. "நல்லாருக்கு"ன்னு மட்டும் சொல்லி நழுவக்கூடாது, ஏன்னு சொல்லணும். பசங்க அதைத் தமிழ்லயே சொல்லட்டும். "சாப்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா"வைத் தாண்டி நம்ம வீட்டுல அவங்க தமிழ் பேச வேற என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க!