அடுப்பில் ஏறும் பாலுக்கு அழுத்தம் எதற்கு?

மயிலாப்பூரிலும் அடையாறிலும் ‘சூடே காட்டாத பண்ணைப் பால்’ என்ற சொல்லுக்குத் தனி விலை உண்டு. அந்த ஆசைக்குத் தொழில்நுட்பம் போடும் அடுத்த தீனி உயர் அழுத்தப் பதப்படுத்தல். பாலை பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து (கண்ணாடி தாங்காது), தண்ணீர் நிரம்பிய எஃகுக் கலனில் வைத்து, காற்றழுத்தத்தைப் போல 6,000 மடங்கு வரை சில நிமிடம் அழுத்தினால் நோய்க்கிருமிகள் மடிகின்றன; பால் கொதிப்பதில்லை. 1899இலேயே அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பெர்ட் ஹைட் இதைப் பாலில் சோதித்தார். 2016இல் ஆஸ்திரேலியாவில் இது விற்பனைக்கே வந்துவிட்டது. இந்த இயந்திரத்துக்குத் தமிழ்நாட்டிலும் வேலை இருக்கிறது. ஆனால், அந்த வேலை நம் காப்பிப் பாலில் இல்லை.

அழுத்தம் பாலின் சுவையையும் வைட்டமின்களையும் பெரிதாகத் தொடுவதில்லை என்பது உண்மை. புரதங்களை அது விட்டுவைப்பதில்லை என்பதும் உண்மை. கேசின் துகள்கள் சிதைவதால் பாலின் வெண்மை சற்று மங்குகிறது. மோர்ப்புரதம் குலைவதால் தயிர் கெட்டியாக உறைகிறது. இந்தக் கடைசி லாபம் நமக்குப் புதிதல்ல. பச்சைப் பாலில் உறை ஊற்றினால் தளர்ந்துபோகும் தயிர், காய்ச்சி ஆற்றிய பாலில் கத்தியால் வெட்டும்படி நிற்பதற்கும் காரணம் இதே புரத மாற்றம்தான். மேலும், எந்தப் பால் வந்தாலும் நம் வீடுகளில் அது பொங்கி அடங்கிய பிறகே டிகாக்‌ஷனில் சேர்கிறது. சூடு படாததற்காக அதிக விலை கொடுத்து வாங்கி, வாங்கியதும் அடுப்பில் ஏற்றுவது வீண் செலவு.

நம் பாலின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் 6,432 மாதிரிகளில் கலப்படம் காரணமாகப் பாதுகாப்பற்றவையாக இருந்தவை 12 மட்டுமே. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு வரம்பு மீறியிருந்தவை 368. அவற்றில் 88 தமிழ்நாட்டு மாதிரிகள், மாநிலங்களில் இதுவே அதிகம். பூசணம் பிடித்த பிண்ணாக்கிலும் தீவனத்திலும் இருந்து மாட்டின் வழியே பாலுக்கு வரும் இந்த நஞ்சைப் பதப்படுத்தும் சூடும் போக்காது, வீட்டு அடுப்பும் போக்காது, அழுத்தமும் போக்காது. அடுத்த குறை குளிர்ச்சி. பதப்படுத்திய பால் 4 டிகிரிக்குக் குளிர்ந்தே ஆலையை விட்டுப் புறப்பட வேண்டும். ஆனால், விடியற்காலையில் தி.நகர் நடைமேடையில் டப்புகளில் அடுக்கிய பாக்கெட்டுகள் வியர்த்தபடி காத்துக் கிடந்தால் அந்தக் குளிர்ச்சி எத்தனை நேரம் நிற்கும்? அழுத்திய பாலும் இதற்கு விலக்கல்ல. பாக்டீரியா வித்துகள் அழுத்தத்துக்கும் தப்புகின்றன.

காசு உள்ளவர் வாங்கட்டுமே, அரசுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வாங்கட்டும், ஆனால், சோதிக்க வழி வேண்டும். பால் சரியாகப் பதப்படுத்தப்பட்டதா என்று பார்க்கும் பாஸ்பட்டேஸ் சோதனை, சூட்டில் அழியும் ஒரு நொதியை நம்பியது. கிருமிகளைக் கொல்லும் அழுத்தத்தையும் அந்த நொதி பெருமளவு தாங்கிவிடும். மாற்றுச் சோதனையை வகுக்காமல் விற்க விட்டால், லேபிளைத் தவிர நுகர்வோருக்கு வேறு ஆதாரம் இருக்காது. எல்லாப் புது நுட்பமும் முதலில் விலை உயர்ந்ததுதான், பிறகு மலியும் என்ற வாதமும் இங்கே எடுபடாது. தொகுதி தொகுதியாக அழுத்தும் கலன், நாள்தோறும் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் சென்னைக்குத் தரும் ஆவினின் ஓட்டத்துக்கு ஈடு கொடுக்காது.

அளவு குறைவாகவும் மதிப்பு அதிகமாகவும் உள்ள, பிறகு காய்ச்சவே படாத பால் ஒன்று உண்டு: எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களின் தாய்ப்பால் வங்கியில் சேரும் பால். அதை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவதே இன்றைய முறை. கொழுப்பைச் செரிக்க உதவும் லிப்பேஸ் அதில் அழிந்துவிடுகிறது. நோய் எதிர்ப்புப் புரதங்களும் குறைகின்றன. மிதமான அழுத்தத்தில் இவற்றில் கணிசமானவை தப்புவதாகப் பிரான்சு, போலந்து ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். குறைமாதக் குழந்தைக்கு இந்த வித்தியாசம் அற்பமல்ல. பாதுகாப்பை முழுமையாக நிறுவிய பிறகே அதைக் கொடுக்க வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. அந்தச் சோதனையைத் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தோடு சேர்ந்து சுகாதாரத் துறை தொடங்கட்டும். ஆவினின் பணம் தீவனப் பரிசோதனைக்கும் குளிர்சாதன வண்டிக்கும் போகட்டும்.